அது மணற்கல் அல்ல, உக்கின கருங்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் அறுகம்பை பற்றிய கட்டுரையோடு எலிபன்ட் ரொக் படம் வந்திருந்தது. அதன் கீழே ‘காற்றும் மழையும் அரித்த மணற்கல்’ என்று போட்டிருந்தீர்கள். படம் நல்ல அழகு, பெயர்தான் பிழை. அது கருங்கல். புவியியல் புத்தகத்தில் நைஸ் என்பார்கள். அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

எழுதியவரைக் குறை சொல்ல மனமில்லை. மேசன் வேலையில் முப்பது வருடம் பழகிய நானே ஏமாந்திருக்கிறேன். திருக்கோவிலில் ஒரு வீட்டு அத்திவாரத்துக்கு வந்த லோட்டில் பாதிக் கல் மஞ்சளாக இருந்தது. தேய்த்தால் கையில் மணல் கொட்டியது. மணற்கல்லை ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று டிரைவரோடு சண்டைக்குப் போனேன். பக்கத்தில் நின்ற வயதான கல்லுடைக்கிறவர் ஒன்றும் பேசாமல் ஒரு கல்லைப் பிளந்தார். வெளியே இரண்டு விரல் தடிப்புக்கு மஞ்சள். உள்ளே வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடுகிற அசல் கருங்கல். “உக்கின கல்லு மனே” என்றார், அவ்வளவுதான்.

கருங்கல்லில் உள்ள பெல்ஸ்பார் என்ற வெளிர் நிறத் தாது மழைநீர் பட்டுப்பட்டு வெள்ளைக் களியாகிவிடும். கறுப்புத் தாதுக்களின் இரும்பு துருப்பிடித்துக் கல்லை மஞ்சளாக்கும். குவாட்ஸ் என்ற கடினமான தாது மட்டும் கரையாது. பிடிமானம் போனதும் மணல் மாதிரி உதிரும். பள்ளிக்கூடத்தில் வானிலையாலழிதல் என்று படிப்பிப்பது இதைத்தான்.

மணற்கல்லை உடைத்தால் உள்ளும் புறமும் மணல் மணிதான். லென்ஸில் பார்த்தால் தனித்தனி மணிகளை ஒட்டவைத்தது தெரியும். கருங்கல்லில் தாதுக்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்சினால் மணற்கல் என்பார்கள் சிலர். அதை நம்பாதீர்கள், உக்கின கருங்கல்லும் குடிக்கும். புதிதாக உடைந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்காகப் பாறையில் சுத்தியல் வைக்கத் தேவையில்லை, அடியில் உடைந்து கிடக்கிற துண்டு போதும். கடலோரத்தில் மணலும் சிப்பியும் இறுகிய தட்டுப் பாறை கண்டால் அது வேறு சாதி. தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும்.

மணற்கல் பார்க்க ஆசையென்றால் புத்தளம் மாவட்டத்துத் தப்போவ, ஆண்டிகமப் பக்கம் போகவேண்டும். அது டைனோசர்கள் வாழ்ந்த யுராசிக் காலத்துப் படிவு, செடிகொடித் தடங்களும் உண்டு. எங்கள் பக்கம் இருப்பது புவியியலில் விஜயன் தொகுதி என்று பெயரிட்ட கிழக்குப் பகுதிப் பாறை, சுமார் 100 கோடி வருடப் பழசு.

அந்த லோட்டில் நல்ல கல்லைப் பொறுக்கி அத்திவாரத்துக்கு எடுத்தோம். மிச்சம் முற்றத்துப் பள்ளம் நிரப்பத்தான் உதவியது.

– ஒரு மேசன்,
அக்கரைப்பற்று