வெட்டுப்புள்ளிக்குப் பிறகு என்ன நடக்கிறது? மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இலங்கையில், திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சை மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி லீவில் வந்திருந்தாள். பொறியியல் பீடத்தில் இறுதி வருடம். அங்கே போன முதல் கிழமையே ஒரு விரிவுரையாளர், "மாவட்டக் கோட்டாவில் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றாராம். இவ்வளவு காலம் கழித்து இப்போதுதான் எனக்குச் சொல்கிறாள். தூக்கினாயா என்று கேட்டேன். "பாதி தூக்கினேன் சேர்" என்றாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பல்கலைக்கழக இடங்களில் நாடளாவிய திறமை அடிப்படையில் 40 சதவீதம், மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்ற கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்பதைத்தான் அந்த விரிவுரையாளர் கேட்டிருக்கவேண்டும்.

அவள் படித்த காலத்தில் எங்கள் பாடசாலையில் ஒரு வருடத்துக்கு மேல் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. மின்னியல் முழுவதையும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த போட்டோக்கொப்பி நோட்ஸில்தான் படித்தாள். கொப்பி எடுக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டு, வரிக்கு வரி கடைசிச் சொல் இல்லை. அந்தச் சொற்களை ஊகித்துப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். ஊகிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி. சனிக்கிழமை விடிய ஐந்து மணி பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டி டவுனுக்கு ரியூசன் போகும்போது அந்தக் கேள்விக்குறிகளையும் கொண்டுபோவாள்.

இசட் புள்ளி ஒரு பிள்ளையின் மதிப்பெண் நாடளாவிய சராசரியில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டும். கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே தராசில் வைக்க அது உதவும். வகுப்பில் ஆசிரியர் இருந்தாரா என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. ஆனாலும் அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த இசட் புள்ளிதான் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளி; அதன் நான்காவது தசமத்தில் ஒரு பிள்ளை உள்ளே போகிறது, இன்னொன்று வெளியே நிற்கிறது.

ஆங்கிலத்தில் விரிவுரை என்பதால் முதல் வருடம் அவள் தடுமாறினாள். அப்புறம் ஏறினாள். இன்று முதல் வகுப்புப் பட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு பிள்ளையை வைத்து முடிவுகட்டக்கூடாது, தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: வெட்டுப்புள்ளி அட்டவணையை வெளியிடுவதுபோல, அதன்படி அனுமதி பெற்ற பிள்ளைகள் பட்டம் முடிக்கும்போது எங்கே நின்றார்கள் என்பதையும் வெளியிடுங்கள். பீடவாரியாக, எந்த ஒதுக்கீட்டில் வந்தவர்கள், முதல் வருடம் எப்படி, இறுதி வருடம் எப்படி, எத்தனை பேர் இடையில் விட்டார்கள் என்று. பெயர் வேண்டாம். அனுமதி விபரம் உங்களிடம், பெறுபேறு பல்கலைக்கழகங்களிடம். இரண்டையும் சேர்க்கத்தான் ஆள் வேண்டும்.

அனுமதி பெற்றவர்களை மட்டும் பார்த்தால் இசட் புள்ளிகள் நெருக்கமாக நிற்கும், அவற்றுக்கும் பட்டப் பெறுபேறுக்கும் இடையிலான தொடர்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் என்று புள்ளிவிபரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டால் வெவ்வேறு வெட்டுப்புள்ளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களைச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளி உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் திரும்பக் கணிக்கவேண்டி வந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஒரு வருடப் பிள்ளைகளின் நிம்மதியே போனது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கி இந்த நாட்டில் பிள்ளைகளை எண்ணால் தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த எண் சொன்னது பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று வந்தாலும் மறைக்காமல் வெளியிடுங்கள். எந்தப் பாடத்தில் என்று தெரிந்தால் இங்கிருந்தே அதற்கு வேலை செய்வோம். அடுத்த வெட்டுப்புள்ளியோடு இந்த அட்டவணையும் வரவேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூதூரில் இருந்து ஓர் ஆசிரியர்