வைண்டிங் கடை அண்ணனுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

அப்பாவின் பழைய காரில் கேபிள் கருகித் தீப்பிடித்த அந்த ராத்திரி நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி எழுதப் போவதில்லை. அந்த எம்ஜிபி, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், நேற்றுச் சாயங்காலம் பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போய்த் திரும்பியது. கேபிளில் சூடு இல்லை, கருகல் வாடை இல்லை. வண்டியை நிறுத்தியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மோட்டார் வைண்டிங் கடை அண்ணன் பம்புசெட் பார்ப்பவர். குறுவை நேரம், எரிந்துபோன மோட்டார்கள் அவர் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கின்றன. தடித்த கேபிளின் நுனியில் லக், அதாவது இணைப்புக்கான உலோக முனை, அழுத்தும் கருவியைக் கொஞ்ச நேரம் இரவல் கேட்கத்தான் போனேன், கருவியோடு அவரே கிளம்பி வந்துவிட்டார்.

வண்டி 1965 மாடல். சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே தொங்கும் பெட்டிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன. பெட்டிகள் துருவேறி உதிர்ந்துவிட்டதால் டிக்கியில் ஒரே 12 வோல்ட் சீல்டு பேட்டரி வைக்கலாம் என்று முடிவு. அண்ணன் எதையும் தொடுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்து, "தம்பி, இதுல பாசிட்டிவ்தான் பாடியில இருக்கு" என்றார். இன்றைய கார்களுக்கு மாறாக, 1967க்கு முந்தைய எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும், ஆனால் இதற்கு முன் அவர் இந்த வண்டியைப் பார்த்ததே இல்லை! அப்புறம் டார்ச்சோடு அடியில் படுத்தார். டிக்கித் தரைக்கு நேர் கீழே பெட்ரோல் டேங்க். டிரில் எங்கே இறங்கவே கூடாது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார்.

டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள தகட்டில் கேபிள் நுழைய ஒரே ஒரு ஓட்டை. அதன் விளிம்பை அவர் அரம் வைத்து ராவினார், விரலால் தடவிப் பார்த்தார், திரும்ப ராவினார். கடையில் அத்தனை வேலை காத்திருக்க, கண்ணுக்கே தெரியாத ஒரு பிசிறுக்காக அரை மணி நேரம். பிறகு ரப்பர் வளையம் மாட்டினார். ஸ்டார்ட்டர் வரை போகும் அவ்வளவு நீள கேபிள் எங்காவது உரசி, தோல் கிழிந்து பாடியைத் தொட்டால் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும் என்பதால் ஃபியூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே வைத்தார், தள்ளி வைத்தால் ஃபியூஸ் வரைக்குமான கேபிளுக்குக் காவல் இல்லை என்றார். காசு வாங்கவே இல்லை. அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அன்று மணல் வாளியோடு ஓடிவந்த தெருப் பிள்ளைகள், பேட்டரி அசையாமல் பிடிக்க இரும்புத் தட்டு செய்துகொடுத்த தஞ்சாவூர் பட்டறைக்காரர், கொட்டகையைத் திறந்துவிட்ட எதிர்வீட்டு மாமா, வேளாவேளைக்குச் சோறு கொடுத்த அத்தை, எல்லாருக்கும் என் நன்றி.

நம் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருந்து பேட்டரியை இடம் மாற்ற நினைப்பவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். அரமும் ரப்பர் வளையமும் ஃபியூஸும் நான் கொண்டுவருகிறேன், வேலை முடியும்வரை கூடவே நிற்கிறேன்.