அம்பேனளிப் பாறையின் சாட்சி

அன்புள்ள நண்பா,

இந்தியா தெற்கிலிருந்து நகர்ந்து வந்தது என்கிறார்களே, கூடவே வந்து பார்த்தவர் யார் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அந்தச் சாட்சியைச் சென்ற மாதம்தான் பார்த்துவிட்டு வந்தேன். மகாபலேஷ்வரிலிருந்து போலாத்பூருக்கு இறங்கும் அம்பேனளி மலைப்பாதையில், சாலைக்காக வெட்டிய கரும்பாறையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள் இருந்தன. வெடி வைக்கத் தோண்டியவை என்றார் டீக்கடைக்காரர். பாறைக்காந்த ஆய்வாளர்கள் மாதிரி எடுத்த தடங்கள் அவை.

அந்தப் பாறை ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு. குளிர்ந்து 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்கள் அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பற்றிக்கொள்கின்றன. அத்திசை நிலநடுக்கோட்டில் கிடையாகவும், துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகவும் இருக்கும் என்பதால், சாய்வை அளந்தால் குழம்பு உறைந்த இடத்தின் அட்சரேகை தெரிந்துவிடும். தீர்க்கரேகையை மட்டும் காந்தம் சொல்லாது. துண்டைப் பெயர்த்தெடுக்கும் முன் அதன்மேல் வடக்கைக் குறித்தாக வேண்டும். பாறையே காந்தமாக இருப்பதால் திசைகாட்டியை முழுதாக நம்பாமல், வெயிலில் குச்சியின் நிழலையும் பார்த்துக் கணக்கிடுவார்கள்.

1950களில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் தக்காணப் பாறைகளை அளந்தபோது, கண்டங்கள் நகரும் என்பதைப் புவியியலாளர்களில் பலர் ஏற்றிருக்கவில்லை. இன்றைய அளவீடுகளின்படி அக்குழம்பு உறைந்தது தெற்கு அட்சரேகை சுமார் 30 டிகிரியில். மகாபலேஷ்வர் இப்போது வடக்கே 18 டிகிரியில் இருக்கிறது. இடைப்பட்ட 5,300 கிலோமீட்டரை 6.6 கோடி ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் வரும். ஆனால் பயணம் சீரானதல்ல, தொடக்கத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் ஓடிய, இந்தியாவைச் சுமக்கும் புவியோட்டுத் தட்டு, ஆசியாவில் முட்டிய பின் வெகுவாகத் தளர்ந்துவிட்டது.

கடலடியிலும் அதன் தடம் கிடக்கிறது. தக்காணக் குழம்பைக் கக்கியதும், புவியின் ஆழத்திலிருந்து எழுவதுமான வெப்பப்புள்ளி ஒன்றின் மேல் தட்டு வடக்கே நகர நகர, எரிமலைகள் வரிசையாக முளைத்தன. 1987இல் துளையிடும் கப்பல் எடுத்த பாறைகளில், மாலத்தீவுப் பகுதியினது சுமார் 5.7 கோடி ஆண்டுப் பழமையானது. தெற்கே சாகோஸ் தீவுகள் அருகில் எடுத்தது 4.9 கோடி. மொரீஷியஸின் மூத்த குழம்புக்கே 90 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அந்த வெப்பப்புள்ளி இப்போது இருக்கும் ரீயூனியன் தீவு இன்றும் கக்கிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள இடறல்தான். ரீயூனியன் இருப்பது தெற்கே 21 டிகிரியில். வெப்பப்புள்ளி அசையாதது என்றால் தக்காணப் பாறையும் 21 என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? அந்த 9 டிகிரிக்கு, புள்ளியே வடக்கே நகர்ந்தது என்பர் சிலர். புவி முழுவதுமே தன் சுழல் அச்சைப் பொறுத்துச் சற்றுச் சரிந்தது என்பர் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்று நினைக்கிறேன். மெழுகுவத்திமேல் காகிதத்தை இழுப்பதுபோல என்று நாம் வகுப்பில் படித்த உவமையை இனிக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

கடிதத்துடன் அங்கே பொறுக்கிய ஒரு துண்டை வைத்திருக்கிறேன். வடக்கைக் குறிக்காமல் எடுத்த கல். உன் கேள்விக்கு அது பதில் சொல்லாது, தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்