பத்மா கொஞ்சம் தயங்கட்டும்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள செல்வம்,

வானொலி நாடகப் பிரதி கிடைத்தது. இங்கே மார்கழிக் கச்சேரிகள் களைகட்டிவிட்டன. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. மற்றதை நேரில் பேசலாம்.

உன் வியாசர்பாடி பத்மா, ஒன்பதாவதோடு நின்றவள், முப்பது வயதில் பத்தாவது எழுதுகிறாள். கரு நல்லது. ஆனால் முதல் காட்சியிலேயே மாமியாரிடம் முழங்குகிறாளே! கேட்கிறவள் "அவளுக்குத் தைரியம் இருக்கு, நமக்கு ஏது?" என்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். மெக்சிகோவின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகேல் சபிதோ 1970களில் தொடர் நாடகத்துக்கு வகுத்த முறையில் மூன்று வகைப் பாத்திரங்கள்: நல்லதன் பக்கம் நிற்பவர், எதிர்ப்பவர், நடுவே ஊசலாடுபவர். ஜனங்கள் தங்களைப் பார்ப்பது ஊசலாடுபவரிடம்தான். தன்னைப் போன்ற ஒருத்தர் தட்டுத்தடுமாறிக் கரையேறுவதைப் பார்த்தால் 'என்னாலும் முடியும்' என்ற எண்ணம் வலுக்கும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சொன்னதுதான் சபிதோவுக்கு அடித்தளம்.

ஆகவே, 15 நிமிடப் பகுதிக்கு ஒரே ஒரு முடிவு. முதலில் மகளின் கணக்கைத் திருத்திச் சொல்லட்டும், போதும். அடுத்து விண்ணப்பம் வாங்கி அரிசி டப்பாவில் ஒளிக்கட்டும். மூடி சாத்தும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒருமுறை சறுக்கியே ஆகவேண்டும், அதற்கும் மாமியாரையே இழுக்காதே. பள்ளிக்குப் போகாமல் முதல்முறை பத்தாவது எழுதும் நேரடித் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும் இல்லையா? அந்தக் கெடுவைக் கோட்டைவிடட்டும். ஒரு வருஷம் வீண். அறிவிப்பாகச் சொன்னால் காதில் விழாத தகவல், அவள் அழுதால் மனதில் நிற்கும்.

பத்மாவின் அக்கா பாத்திரம்தான் எனக்குக் கவலை. 1984இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' தொடரும் சபிதோ வழியில் எழுந்ததுதான். எல்லாம் பொறுத்துப்போகும் அம்மா பாத்திரமான பாகவந்தியை 'இப்படி இருக்காதே' என்று காட்டவே படைத்தார்கள். பல பெண்கள் அவளையே உத்தமியாக எடுத்துக்கொண்டார்கள். அக்கா பேசும்போது நீ வீணை வாசிக்க விட்டால் இதேதான் நடக்கும். வீணையை எடு. வங்கிப் படிவம் நிரப்ப யார் யாரையோ கெஞ்சுகிறாளே, அதை நீட்டு.

சபிதோவின் ஒரு தொடர், முதியோர் கல்விப் புத்தகம் கிடைக்கும் இடத்தைக் கதைக்குள்ளேயே காட்டியது. மறுநாள் அங்கே கூட்டம் தாங்கவில்லை. நீயும் எந்தச் சேவை மையம், என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதி என்பதைப் பத்மாவின் வாயிலேயே வை. தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒலிப்பதிவுக்கு முன் விசாரித்துக்கொள்.

பொங்கலுக்குள் அடுத்த வரைவை அனுப்புடா.

அன்புடன்,
ரகு