தம்பி, நவம்பரில் லாக்ஸ்டனுக்குப் போய் வா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பைபரி கிராமத்துப் படங்களைப் பார்த்தேன். தேன் நிறக் கல் வீடுகள், வாசலை ஒட்டி ஓடும் ஆறு, வாத்துகள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் கீழே "இதுதான் அசல் இங்கிலாந்து கிராமம்" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு ஒரு ஊரைப் பார்த்துவிட்டதாக எப்படிச் சொல்வது? அந்த ஊர் எதை விளைவித்தது, நிலத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொண்டது என்று தெரிய வேண்டாமா?

நீ இருக்கும் நாட்டிங்ஹாமிலிருந்து வடக்கே, டக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் லாக்ஸ்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. செங்கல் வீடுகள், ஒரு தேவாலயம், டவ்கோட் இன் என்ற பப். ஊருக்கு வடக்கே, நார்மன்கள் மண்ணைக் குவித்துக் கட்டிய கோட்டையின் மேடு புல் மூடிக் கிடக்கிறது. ஷெர்வுட் காட்டைக் காவல் காத்த குடும்பம் அங்கேதான் இருந்தது. 1086-இல் இங்கிலாந்தின் நிலங்களைப் பற்றி அரசர் எடுத்த டூம்ஸ்டே கணக்கிலேயே ஊரின் பெயர் வருகிறது. சரி, இதெல்லாம் இங்கிலாந்தில் பல ஊர்களுக்கு உண்டு. லாக்ஸ்டனின் விசேஷம் வயலில்தான்.

வெஸ்ட் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு, மில் ஃபீல்டு என்று மூன்று பெரிய வயல்கள். உள்ளே வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீளத் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று வயல்களிலும் அங்கங்கே துண்டு இருக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது அந்த வருடம் ஓய்வெடுக்கும். அடுத்த வருடம் முறை மாறும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லார் பங்கிலும் விழ வேண்டும் என்பதுதான் துண்டுகளைச் சிதற வைத்ததன் நியாயம். நிலம் சிதறிக் கிடந்ததால் பண்ணை வீடுகளும் வயலுக்கு நடுவே தனியாகப் போகாமல் ஊர்த் தெருவிலேயே வரிசையாக நின்றுவிட்டன.

துண்டுகள் ஏன் அவ்வளவு நீளம் தெரியுமா? ஏர் மாட்டைத் திருப்புவதுதான் உழவில் பெரிய பாடு. அதனால் மாடு மூச்சு வாங்காமல் போகிற தூரம் வரை ஒரே சாலாக உழுதார்கள். அந்தச் சாலின் நீளம்தான் ஃபர்லாங். பெயருக்கே 'சால் நீளம்' என்றுதான் பொருள். தாத்தா "ரெண்டு ஃபர்லாங் நடந்தா கடை" என்பாரே, அதே ஃபர்லாங், 660 அடி. ஒரு ஃபர்லாங் நீளம், 66 அடி அகலம் இருந்தால் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழும் அளவு என்று கணக்கு. நம் வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் ஏக்கரும் இந்த ஏக்கர்தான். இன்னொன்று, அந்த 66 அடி என்பது 22 கெஜம். நீ சின்ன வயதிலிருந்து ஓடி ஓடிப் பந்து போட்ட பிட்ச்சின் நீளமும் அதுவே.

இப்படித்தான் ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதி இருந்தது. அப்புறம் வேலியடைப்புச் சட்டங்கள் வந்தன. 1604-இலிருந்து 1914 வரை 5,200-க்கு மேல் மசோதாக்கள், 68 லட்சம் ஏக்கர். துண்டுகளை ஒன்று சேர்த்து, வேலி போட்டுத் தனிச்சொத்தாக்கினார்கள். விளைச்சல் கூடியது உண்மைதான். ஆனால் ஊர்ப் பொது நிலத்தில் ஒரு மாடு மேய்த்துப் பிழைத்தவனுக்கு அந்தப் புல்லும் போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

லாக்ஸ்டனிலும் துண்டுகளின் எண்ணிக்கை குறைந்து அளவு பெரிதாகிவிட்டது. ஆனால் முறை அழியவில்லை. 1952-இல் மான்வர்ஸ் பிரபு ஊர் நிலத்தை அரசின் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டிடம், அதாவது மான்வர்ஸ் பிரபுவின் குடும்பத்திடமே, திரும்பி வந்தது. இத்தனை கை மாறியும் மூன்று வயலும் இருக்கின்றன.

ஊர் மன்றமும் இருக்கிறது. கோர்ட் லீட் என்பார்கள். நவம்பர் கடைசி வாக்கில் ஒரு வியாழக்கிழமை, மன்றத்தின் ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைப் பார்வையிடப் போவார்கள். வயலுக்கு நடுவே உழாமல் விட்ட புல்வெளிகள் உண்டு, அவற்றை சைக் என்கிறார்கள். நம் பேச்சில் புறம்போக்கு. அதிலோ வண்டிப் பாதையிலோ எவனாவது ஒரு சால் உள்ளே தள்ளி உழுதிருக்கிறானா என்று பார்த்து, எல்லை இருக்க வேண்டிய இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். அடுத்த வாரம் மன்றம் கூடி அபராதம் போடும். வரப்பைச் சீவுகிற புத்தி எல்லா ஊரிலும் உண்டு. வெட்டுக்குத்து இல்லாமல் அதை ஒரு குச்சியாலும் சின்ன அபராதத்தாலும் அடக்க ஓர் ஊரால் முடிந்திருக்கிறதே, அதுதான் எனக்கு அழகு.

நானும் அத்தானும் போனபோது மழை விட்டிருந்தது. களிமண் ஷூவில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை. பாதையோரம் புதிதாக அடித்த ஒரு குச்சி நின்றது. தலை சுத்தியலடியில் நார் நாராகப் பிரிந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் விரல் உயரத்தில் கோதுமை முளை. அத்தான் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

ஊருக்கு 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் வரைந்த வரைபடம் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் அதில் உண்டு. நடுவே எறும்பளவில் ஆட்கள் உழுகிறார்கள், அறுக்கிறார்கள். முதலில் அதைக் கணினியிலாவது பார். பார்த்துவிட்டு வயலுக்குப் போ.

நவம்பரில் லீவு கிடைக்குமா என்று கேட்டு வை. பழைய ஷூ போட்டுக்கொள். குச்சி கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து அனுப்பு, அத்தானிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அக்கா