பூசணிச் சதுரம்: பெரியம்மாவுக்கு ஓர் அக்டோபர் கடிதம்

ஸ்கார்பரோ, ஒன்டாரியோ
அக்டோபர் 6

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போட்டோவில் சோபா மேல் கிடந்த ஆரஞ்சுக் கறுப்புப் போர்வை என்ன, அதை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். அது குரோஷே, உங்களுக்குத் தெரிந்த கொக்கி ஊசிப் பின்னல்தான். போனில் சொன்னால் கணக்கு தப்பும், அதனால் எழுதியே அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள் சகல புனிதர் திருநாள். அதற்கும் முந்தின சாயங்காலம், அக்டோபர் 31, இங்கே ஹாலோவீன். பேரிலே மட்டும்தான் புனிதர்கள் மிச்சம், ஹாலோ என்றால் புனிதர். வாசலில் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைக்கிறார்கள். இருட்டியதும் பிள்ளைகள் பேயாகவும் எலும்புக்கூடாகவும் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது. அதுதான் ஊர் வழக்கம். குளிருக்குப் பேய் வேஷத்துக்கு மேலே ஜாக்கெட் ஏறிவிடும், பாதிப் பேய் தெரியாது. பூசணிக்கு ஆரஞ்சு, இராத்திரிக்குக் கறுப்பு. ஊதாவும் கிளிப்பச்சையும் கடைக்காரர்கள் சேர்த்துக்கொண்ட நிறம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் போர்வை சின்னச் சின்னச் சதுரங்களை இணைத்தது. கிரானி ஸ்கொயர் என்பார்கள், பாட்டிச் சதுரம். மிச்ச நூலைத் தீர்க்க ஏற்ற வேலை. மூன்று மூன்று டிரெபிள் (உயரமான கண்ணி) சேர்ந்த கொத்துகள், மூலைக்கு இரண்டு சங்கிலி (நூலை ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த வெறும் கண்ணி). உங்கள் டாய்லி (சின்ன லேஸ் விரிப்பு) வேலைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒரு பொறி உண்டு. மிஷன் பள்ளியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கிலாந்துப் பேர்கள். இங்கே கனடாவில் அச்சாகும் குறிப்புகளில் பெரும்பாலும் அமெரிக்கப் பேர்கள். நீங்கள் டிரெபிள் என்பதை இவர்கள் டபுள் குரோஷே என்கிறார்கள். நீங்கள் டபுள் என்கிற குட்டைக் கண்ணி இவர்களுக்கு சிங்கிள். சங்கிலியும் ஸ்லிப்பும் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே. இங்குள்ள குறிப்பைப் பார்த்து உங்கள் டபுளைப் போட்டால் சுற்றுக்கு உயரம் வராது. கண்ணி எண்ணிக்கை அதேதான், உயரம் மட்டும் குறைவு என்பதால் ஓரம் அலை அலையாக நெளியும். ஒரு குறிப்பு எந்த ஊர்க் கணக்கு என்று பார்க்க ஒரு வழி: அதில் சிங்கிள் என்ற சொல் இருந்தால் அமெரிக்கக் கணக்கு. இந்தக் கடிதத்தில் எல்லாமே உங்கள் பேர்கள்தான்.

நூல்: இங்கே எல்லோரும் எடுப்பது அக்ரிலிக். உல்லன் என்று நாம் சொன்னாலும் அதில் ஆட்டு மயிர் துளியும் கிடையாது. சுற்றியிருக்கும் தாளில் நூல்கண்டு படத்துக்குள் 4 என்று போட்டிருக்கும், அது நடுத்தரத் தடிமன். ஊசி 5 மி.மீ. இந்தக் கணக்கில் ஐந்து சுற்றுச் சதுரம் சுமார் 14, 15 செ.மீ. வரும், 12 முதல் 15 கிராம் நூல் பிடிக்கும். 24 சதுரம் போட்டு நாலுக்கு ஆறாக அடுக்கினால் ஒரு குழந்தைப் போர்வை. ஆரஞ்சும் ஊதாவும் 200 கிராம் கண்டு ஒவ்வொன்று போதும். கறுப்பு, இணைப்புக்கும் ஓரத்துக்கும் சேர்த்து இரண்டு. இரண்டு கறுப்பிலும் சாய எண் ஒன்றா என்று பாருங்கள். கறுப்பிலும் நிறம் மாறும், வெயிலில் தெரியும்.

இனி பூசணி. நடுவில் வட்டம் ஆரஞ்சு, அதைச் சதுரமாக்குவது கறுப்பு, கடைசிச் சுற்று ஊதா.

நாலு சங்கிலி போட்டு ஸ்லிப்பால் வளையமாக்குங்கள். நூலை விரலில் சுற்றி இழுத்து இறுக்கும் மேஜிக் ரிங்கும் போடலாம், ஓட்டை தெரியாது. ஆனால் வாலை (தொங்கும் நூல் நுனியை) 10 செ.மீ. விட்டு, ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை எதிர்ப்பக்கமும் கோத்து முடிக்காவிட்டால் நாலு துவைப்பில் நடு வாய் திறந்துகொள்ளும்.

முதல் சுற்று: மூன்று சங்கிலி (இது ஒரு டிரெபிளாகக் கணக்கு), வளையத்துக்குள் இன்னும் 11 டிரெபிள். மொத்தம் 12. மூன்றாவது சங்கிலியின் தலையில் ஸ்லிப்.

இரண்டாம் சுற்று: கண்ணிகளின் தலையில் குத்தாமல், இரண்டு கண்ணிக்கு நடுவில் உள்ள இடைவெளியில் குத்துங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு டிரெபிள், மொத்தம் 24. இங்கேதான் பலருக்கும் 22 வருகிறது. ஆரம்பச் சங்கிலிக்கும் கடைசி டிரெபிளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஸ்லிப்பின் அடியில் ஒளிந்திருக்கும், அதை விட்டுவிடுவார்கள். எண்ணிவிட்டே அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

மூன்றாம் சுற்று: அடுத்த டிரெபிளின் தலையில் ஒரு ஸ்லிப் போட்டு நகர்ந்து, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் மூன்று மூன்று டிரெபிள். 12 கொத்து, 36 டிரெபிள். கொத்துகளுக்கு நடுவில் சங்கிலி வேண்டாம். ஒரு சங்கிலி போட்டாலும் வட்டம் அப்பளம் பொரிந்ததுபோல் நெளிந்துவிடும். ஆரஞ்சை வெட்டி முடியுங்கள்.

நாலாம் சுற்று, கறுப்பு. ஏதாவது ஒரு கொத்து இடைவெளியில் சேர்த்து, மூன்று டிரெபிள், இரண்டு சங்கிலி, அதே இடத்தில் மூன்று டிரெபிள்: இது மூலை. அடுத்த இரண்டு இடைவெளியிலும் மூன்று மூன்று. அதற்கடுத்தது மூலை. இப்படியே சுற்றினால் 12 இடைவெளியில் நாலு மூலை சரியாக விழும், மொத்தம் 16 கொத்து. சாதாரணப் பாட்டிச் சதுரத்தின் நாலாம் சுற்றிலும் இதே 16 கொத்துதான், அதனால்தான் வட்டம் முரண்டு பிடிக்காமல் சதுரமாகப் படிகிறது. ஒரு மூலை இடம் தப்பினால் ஐந்தாம் சுற்றில் எந்த வித்தையாலும் சரியாகாது, பிரிக்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் சுற்று, ஊதா. மூலைச் சங்கிலிக்குள் முன்போலவே மூலை, பக்கத்துக்கு மூன்று இடைவெளியில் மூன்று கொத்து. ஒரு பக்கத்தில் எண்ணினால் ஐந்து கொத்து, 15 டிரெபிள். இணைக்கும்போது இந்த 15 உதவும்.

தடித்த நூலில் ஆரம்ப மூன்று சங்கிலி ஒல்லியாக நின்று பக்கத்தில் ஓட்டை தெரிந்தால் இரண்டாகக் குறைத்துவிடுங்கள். கறுப்புச் சுற்றை விளக்கு வெளிச்சத்தில் போடவே வேண்டாம். மடியில் வெள்ளைத் துணி விரித்து, பகலில் உட்கார்ந்தால் இடைவெளிகள் பளிச்சென்று தெரியும். கறுப்பு வாலைக் கறுப்புக்குள்ளேயே கோத்து மறையுங்கள். ஆரஞ்சுக்குள் விட்டால் அழுக்குக் கோடுபோல் காட்டிக்கொடுக்கும். ஒரே திசையில் சுற்றுவதால் சதுரம் கொஞ்சம் திருகியபடி நிற்கும். ஐந்து சுற்றில் அது பெரிதாகத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குப் போனால் ஒவ்வொரு சுற்றும் வேலையைத் திருப்பிப் போடுங்கள்.

காம்புக்குப் பச்சையில் நாலு சங்கிலி, திரும்பி மூன்று டபுள், மறுபடி திரும்பி இன்னொரு மூன்று டபுள். இதை ஒரு பக்கத்தின் நட்ட நடுவில், கறுப்புச் சுற்றின் மேல் தைக்க வேண்டும். மூலையை நோக்கித் தைத்தால் பூசணி சாய்ந்து விழுந்ததுபோல் ஆகிவிடும். பூசணியின் வரிகளுக்கு அடர் ஆரஞ்சில் பின் தையல், நடுவில் நேராக ஒன்று, இருபுறமும் வளைவாக ஒவ்வொன்று. இழுத்து இறுக்கினால் வட்டம் சுருங்கும். கண்ணை நூலாலேயே முக்கோணமாகத் தைத்துவிடுங்கள். கைக்குழந்தை புழங்கும் போர்வையில் பிளாஸ்டிக் கண் வைக்கக் கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். எல்லாச் சதுரத்துக்கும் முகம் வைக்காதீர்கள், ஆறுக்கு ஒன்று போதும். மற்றதெல்லாம் வெறும் பூசணியாக இருந்தால்தான் கண்ணுக்கு நல்லது.

இணைக்க, இரண்டு சதுரத்தைச் சேர்த்துப் பிடித்து 15-க்கு 15 பொருத்தி, கறுப்பில் ஸ்லிப் தளர்வாகப் போடுங்கள். குறுக்கு வரிசைகளை முழுக்க முடித்துவிட்டு அப்புறம் நெடுக்கு. அதற்கு முன்னால் ஒவ்வொரு சதுரத்தையும் தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, ஒரே அளவுக்குக் குண்டூசி குத்திக் காய வையுங்கள். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். இழை இளகித் துவண்டு போகும், பிறகு திரும்பாது.

அங்கே உங்கள் பருத்தி நூலிலேயே இதைப் போடலாம், கணக்கு மாறாது, அளவுதான் மாறும். 20-ஆம் நம்பர் நூலும் 1.25 மி.மீ. ஊசியும் என்றால் நாலைந்து செ.மீ.தான் வரும், ஒரு தம்ளர் அடியில் வைக்கும் அளவு. பருத்திக் கறுப்பு சாயம் விடலாம். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வினிகரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், பருத்திக்கு அது உதவாது.

நவம்பர் 1 காலையிலேயே இந்தச் சாமான்களெல்லாம் விலை குறைந்துவிடும். உங்களுக்கு 5 மி.மீ. ஊசி ஒன்றும் ஆரஞ்சு நூல் இரண்டு கண்டும் எடுத்து வைக்கிறேன், அடுத்து ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாம். கறுப்பு அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சதுரம் முடிந்ததும் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், வாலெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

பெரியப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்