ராத்திரி கறிதோசையும் காலை மந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம், சரி, வயிறாவது தூங்க வேண்டாமா? நானும் கடையை அடைத்துவிட்டு ராத்திரி 11.30 மணிக்குக் கறிதோசை, அதற்கு மேல் ஒரு ஜிகர்தண்டா என்று ஓட்டியவன்தான்; காலையில் நெஞ்செரிச்சல், கணக்கு நோட்டைத் திறந்தால் கூட்டல்கூட ஓடாது.

ஆயுர்வேதம் சொல்வது எளிது: செரிக்க வைக்கும் அக்னி உச்சிவேளையில்தான் நன்றாக எரியும், அதனால் பெரிய சாப்பாடு மதியம், ராத்திரி லேசாக, வயிற்றில் பாதி சோறு, கால் பங்கு தண்ணீர், மிச்சக் கால் பங்கு காலி. அந்தக் காலி இடத்தை விடுவதுதான் கஷ்டம், அதுவும் அம்மா கரண்டியோடு பக்கத்தில் நிற்கும்போது.

இப்போது 8 மணிக்கு மூன்று இட்லி, அப்புறம் தெருவில் நூறு அடி நடை. விடிகாலையில் வெறும் வயிற்றோடு தெப்பக்குளத்துச் சுவரோரம் உட்கார்ந்து, இடது மூக்கில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டு, 10 நிமிடம் நாடிசுத்தி என்கிற மூச்சுப் பயிற்சி. மூச்சை அடக்குவதில்லை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அப்படி அடக்குவதைத் தொடவே வேண்டாம். எரிச்சல் குறைந்தது, தலையும் தெளிவு. நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தியது மட்டும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

காலை நடை முடிந்ததும் வடைக் கடையில் நிற்பவர்களை நான் குறை சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான்.

ஒரு வாசகர்,
காமராஜர் சாலை, மதுரை.